தே தாரிக் விளையாட்டு

என் மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து பதினோரு போத்தல்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி சகுந்தலா பாலர் பள்ளி ஆசிரியை. குழந்தை தண்ணீரில் அளைந்தால் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யப் பழகும் என்று ஏதோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் ஒரு பேசினில் தண்ணீர், ஒரு புனல், பால் டின், சாஸ் போத்தல்கள், பிளாஸ்டிக் கிளாஸ்கள் எல்லாம் தயார். மகள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். நான்தான் விடவில்லை.

"எல்லாம் நான் கழுவுனதுங்க. சாஸ் போத்தல்ல சாஸ் வாசம் வராம சந்தனமா மணக்கும்?"

"இல்ல, சும்மா."

"சும்மா மோந்து பாக்கறதுக்கு நீங்க என்ன கஸ்டம்ஸ் நாயா?"

அந்த வரியை நான் விடவில்லை. மறுவாரமே அதை வைத்து ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். வாசகர்கள் சிரித்தார்கள். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒருவர் காலி அத்தர் போத்தல் ஒன்றைப் பஞ்சில் சுற்றி அனுப்பி, 'இது என்னவென்று கண்டுபிடிக்கவும்' என்று எழுதியிருந்தார். கண்டுபிடித்தேன். மூக்கு என் அப்பாவிடமிருந்து வந்த சொத்து என்று அந்தக் கட்டுரையில் எழுதியிருந்தேன்.

அது பொய். காரணம் வேறு. சகுந்தலாவுக்கே இந்த வாரம்தான், இந்தத் தாள்களைப் படித்துத்தான் தெரியும்.

எல்லாம் தெரிந்த வயது

அதற்குப் பத்து வருடம் முன்பு எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயமும் எதுவும் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டு, பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தேன். ரஷ்ய நாவல்களை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் வாழ்க்கையை அலுத்துக்கொள்வேன். குழந்தைகளைப் பற்றி மட்டும், தூக்கினால் நனைத்துவிடும் என்ற அளவில் அறிவு இருந்தது.

அப்போதுதான் புனிதம் அக்கா குடையோடு அச்சகத்துக்குள் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற்ற நர்ஸ். தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக நாலைந்து பேர் சேர்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். கையில் ஆங்கிலத்தில் டைப் அடித்த சில தாள்கள்.

"தம்பி, உமக்குத் தமிழ் நல்லா ஓடும் எண்டு சொல்லுகினம். இதை ஒருக்காத் தமிழில எழுதித் தாரும். தோட்டத்து ஆயாமாருக்குக் குடுக்கவேணும்."

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கான விளையாட்டுகள். தட்டில் அரிசியைப் பரப்பி விரலால் கோடு போடுவது. துணிப்பையில் இலை, விதை, சிரட்டை போட்டுக் கையை விட்டுத் தடவிக் கண்டுபிடிப்பது. டின்னில் கல்லையும் பயறையும் போட்டுக் குலுக்கிச் சத்தம் கேட்பது. தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது. தொட்டு, கேட்டு, பார்த்துத்தான் குழந்தை உலகத்தைக் கற்கிறது என்று முன்னுரை.

எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு யாரும் இப்படியெல்லாம் கற்றுத்தரவில்லை. ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் கொட்டியிருந்த கரித்துண்டுகள்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். இரண்டு வயதில் ஒன்றைத் தின்றேன். அம்மா வாயைத் திறந்து பார்த்து, "பல்லுக்கு நல்லது, விடு" என்றாளாம். இந்தக் கதையைச் சொல்லி நாற்பது வருடமாக ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். குழந்தை வாயில் எதைப் போட்டாலும் கடைசியில் அது ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் முடியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

பதினேழாவது பக்கம்

அச்சகத்தில் ஒரு பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம் வரும். பதினேழு வந்தால் இன்னொரு தாள் போட வேண்டும். அதனால் பதினாறுக்குள் அடக்கு என்பதுதான் எங்கள் வேதம்.

புனிதம் அக்காவின் தாள்கள் தமிழில் சரியாகப் பதினாறு பக்கம் வந்தன. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் 'பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு ஊற்றுதல்' என்று எழுதியதும் கை அரித்தது. எந்தத் தோட்டத்துக் குழந்தைக்கு இது புரியும்? நம்ம ஊரில் ஊற்றுவது என்றால் தே தாரிக்தான். கடையில் மாஸ்டர் ஒரு கையை வானத்துக்குத் தூக்கி, ஒரு முழத்துக்குத் தேத்தண்ணியை இழுத்து ஊற்றி நுரை கிளப்புகிறாரே, அதுதான். விளையாட்டின் பெயரையே 'தே தாரிக் விளையாட்டு' என்று மாற்றினேன். அதற்கு ஒரு பாட்டும் கட்டினேன். நல்ல பாட்டு. இன்றைக்கும் முழுதாக நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.

பாட்டுக்கு ஒரு பக்கம் ஆயிற்று. மொத்தம் பதினேழு.

கடைசிப் பக்கம் 'கவனிக்க வேண்டியவை'. பொருள்களை யாரிடமிருந்து வாங்கினாலும் முதலில் அதில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் மோந்து பார்க்க வேண்டும். கழுவாத எதுவும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. ஊற்றும் விளையாட்டில் குடிப்பதுபோல் நடிக்கக் கூடாது. இப்படி ஒன்பது 'கூடாது', 'வேண்டும்'. சுகாதார இலாகா நோட்டீஸ் மாதிரி வறட்சி.

அதை எடுத்தேன். போத்தலைக் கழுவ வேண்டும் என்று ஓர் ஆயாவுக்குச் சொல்லித்தருவது அவரை அவமதிப்பது இல்லையா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். சோம்பலுக்கு ஒரு முற்போக்கான காரணம் கிடைத்துவிட்டால் அதைப்போல நிம்மதி வேறில்லை.

ஆயாக் கொட்டகை

பந்திங் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம். புனிதம் அக்காவும் நானும் பஸ்ஸில் போய், அங்கிருந்து தோட்டத்து லோரியில் ஏறிப் போனோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் அம்மாக்கள் விடியுமுன்பே பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பெயர் கொடுத்து வேலைக்குக் கிளம்ப வேண்டும். கைக்குழந்தைகளையும் நடை பழகும் குழந்தைகளையும் ஒரு கொட்டகையில் விட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. இங்கே தகரக் கூரை, சிமெண்டுத் தரை, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தூளிகள். மூத்திரமும் பவுடரும் கஞ்சியும் கலந்த வாசம். பதினெட்டுக் குழந்தைகள். ஒரே ஓர் ஆயா, பாக்கியம்.

பாக்கியத்துக்கு அப்போது நாற்பது இருக்கும். பல வருடம் புல்லுக்கு மருந்தடித்தவர். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து, செம்பனை வரிசைகளுக்கு நடுவில் களை சாக விஷம் தெளிக்கிற வேலை. வலது கையில் மூன்று விரல்களுக்கு நகமில்லை. மருந்து தின்றுவிட்டது. அதன் பிறகுதான் கொட்டகைக்கு மாற்றினார்கள்.

"விளையாடச் சொல்லித் தரணுமா சார்?" என்றார். "அதுங்க விளையாடாம இருக்கணும்னு நான் படாத பாடு படறேன். நீங்க வேற லோரி ஏறி வந்திருக்கீங்க."

புனிதம் அக்கா அரிசித் தட்டையும் துணிப்பையையும் செய்து காட்டினார். குழந்தைகள் அரிசியைத் தின்றன. பிறகு என் முறை.

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். வாளித் தண்ணீரில் கொஞ்சம் காப்பித்தூளைக் கலந்து தேத்தண்ணி நிறத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு டின்களை எடுத்து, "மாஸ்டர், ஒரு தே தாரிக்!" என்று நானே கத்தி, "வருது பாஸ்!" என்று நானே பதில் சொல்லி, கையைத் தூக்கி இழுத்தேன். பாதி என் கால்சட்டையில் கொட்டியது. கொட்டகை அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு போதாதென்று கிளாஸை வாயில் வைத்துக் குடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "ஆஹா!" என்றேன்.

புனிதம் அக்கா முகத்தைச் சுளித்தார். "குடிச்சுக் காட்டாதேயும், தம்பி" என்றார். கூச்சலில் கேட்காத மாதிரி இருந்தேன்.

ஓரத்தில் ஒரு பெண் குழந்தை மட்டும் சிரிக்காமல் நின்றது. இரண்டரை வயது இருக்கும். மொட்டை போட்டு ஒரு மாதமான தலை. அது நேராக வந்து என் கையிலிருந்த டின்னைப் பிடுங்கி, மிக நிதானமாகக் கிளாஸில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டியது. குடித்தேன். "ஆஹா!" அது ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தது. மறுபடி ஊற்றியது. எத்தனை கிளாஸ் குடித்தேனோ தெரியாது.

"இது தேவி சார்," என்றார் பாக்கியம். "பேசாது. சிரிக்காது. திங்கும், தூங்கும். இது சிரிச்சி இன்னிக்குத்தான் பாக்கறேன்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் அது. லோரி ஏறும்போது பெருமையில் பாக்கியத்திடம் சொன்னேன்: "டின்னு, போத்தல் எல்லாம் நிறைய சேருங்க. அம்மாங்ககிட்டச் சொல்லி, வீட்ல கிடக்கறத எல்லாம் கொண்டு வரச் சொல்லுங்க."

கூடை

பாக்கியம் சொன்னபடி செய்தார். கொட்டகை வாசலில் ஒரு பிரம்புக் கூடை வைத்தார். காலையில் பிள்ளைகளை விட வரும் அம்மாக்கள், ஆளுக்கொரு போத்தலைக் கூடையில் போட்டுவிட்டு ஓடினார்கள்.

எங்கள் பிரிக்பீல்ட்ஸில் காலிப் போத்தல் என்றால் சாஸ் போத்தல், சர்பத் போத்தல். தோட்டத்தில் வேறு ஒரு போத்தலும் உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. மருந்தடிக்கிறவர்கள் வீட்டுக்குப் பின்னால் புல் மண்டினால், வேலையிடத்திலிருந்து கொஞ்சம் மருந்தை ஏதாவதொரு ஆரஞ்சு தண்ணி போத்தலில் ஊற்றிக்கொண்டு வருவார்கள். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. எல்லா லயத்து வீட்டிலும் வாசற்படிக்குப் பின்னால் அப்படி ஒரு போத்தல், துணி அடைத்து, இருக்கும்.

அதில் ஒன்று கூடைக்கு வந்தது. இருட்டில் எடுத்துப் போட்டவருக்கு அடியில் ஒரு விரல் அளவு மிச்சம் இருந்தது தெரிந்திருக்காது. யார் வீட்டுப் போத்தல் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் உயிரோடு இருந்திருக்க மாட்டாள்.

பாக்கியம் கஞ்சி ஊட்டி முடித்துவிட்டுப் போத்தல்களைக் கழுவலாம் என்று இருந்தார். ஒரு கைக்குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது தேவி ஒரு கிளாஸை நீட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றது. திரும்பிப் பார்க்காமல், "வை கண்ணு, ஆயா வரேன்" என்றார்.

தேவி கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு பாக்கியத்தின் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

"ஆஹா!"

திரும்பும்போதே வாசம் தெரிந்துவிட்டது. பல வருடம் முதுகில் சுமந்த வாசம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ்வரை ஓடினார். மீதிப் பதினேழு குழந்தைகளையும் விட்டுவிட்டு ஓடினார் என்பது பிற்பாடு அவர்மேல் இன்னொரு குற்றமாயிற்று.

கிள்ளானில்

மூன்றாம் நாள் செய்தி வந்து, நானும் புனிதம் அக்காவும் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நான் எதிர்பார்த்துப் போனது வேறு. கட்டிலில் தேவி உட்கார்ந்திருந்தது. உதடு வீங்கி, ஊதா மருந்து பூசியிருந்தது. அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் அதற்கு அடையாளம் தெரிந்தது.

சந்தோஷத்தில் நேராகக் கட்டிலருகே போய் நின்றேன். வரும் வழியெல்லாம் புனிதம் அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அனாவசியமாகப் பயமுறுத்திவிட்டாரே என்று கோபம்கூட வந்தது.

மேசைமேல் மாத்திரை கொடுக்கும் சின்னக் காகிதக் கிண்ணம் ஒன்று இருந்தது. தேவி அதை எடுத்தது. இன்னொரு கையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததை மிக நிதானமாக ஊற்றி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டியது.

வாங்கிக் குடித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆஹா!" என்றேன்.

அது சிரித்தது. உதடு வெடித்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

"பாத்தீங்களா சார், சிரிக்குது!" என்றாள் அதன் அம்மா. இருபத்திரண்டு வயசு இருக்கும். மருந்தடிக்கப் போட்டிருந்த நீலச் சட்டையோடு மூன்று நாளாக அங்கேயே இருந்தாள். "ரெண்டு நாள்ல வீட்டுக்கு விட்ருவாங்க, இல்ல சார்?"

"விட்ருவாங்க, விட்ருவாங்க" என்றேன்.

வராந்தாவுக்கு வந்ததும் புனிதம் அக்கா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். "தம்பி, இந்த மருந்து இப்பிடித்தான். முதல்ல விட்டு விடும். பிறகு நெஞ்சைப் பிடிக்கும். பிள்ளையின்ர மூச்சைப் பாத்தனீரோ?"

நான் பார்க்கவில்லை. நான் என் வேடிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் தேவி மூச்சுவிட முடியாமல் இறந்தது.

நான்காவது வரைவு

ஆயாவின் கவனக்குறைவு என்று தோட்டத்து ஆபீஸில் முடிவு கட்டினார்கள். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். மாத முடிவுக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

புனிதம் அக்கா அச்சகத்துக்கு வந்தார். எங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்தார். அங்கே என் பாட்டு இருந்தது.

"மற்றப் பக்கம் எங்க, தம்பி?"

பின்னால் அச்சு யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "கோக்கறப்போ விட்டுட்டாங்க போல அக்கா," என்றேன். "நான் கவனிக்கல."

எழுத்துக் கோக்கிற பெரியவர் ஐந்தடி தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காது மந்தம். அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

புனிதம் அக்கா அவர் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. பிழை புத்தகத்தில, அந்த மனிசியில இல்லை எண்டு மனேஜருக்கு ஒரு கடிதம் எழுதும். நான் கையெழுத்து வைக்கிறன். கெதியா எழுதும்."

எழுதினேன். முதல் வரைவு உருக்கம் அதிகம் என்று கிழித்தேன். இரண்டாவதில் கோபம் தூக்கலாக இருந்தது. மூன்றாவதில் ஆங்கிலம் சரியில்லை. நான்காவதில் ஒரு நல்ல உவமை வந்து விழுந்தது. அதை வைத்துக்கொண்டு மற்ற வரிகளை அதன் உயரத்துக்குத் தூக்க ஒரு வாரம் பாடுபட்டேன். அதற்குள் மாதம் முடிந்துவிட்டது. பாக்கியம் சாமான்களோடு போயிருந்தார்.

இரண்டாம் பதிப்பில் 'கவனிக்க வேண்டியவை' முதல் பக்கத்தில் வந்தது. பாட்டு இல்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பண்டமாரானில் ஒரு டீ

பாக்கியத்தின் தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவருடைய வீட்டின் பின்கட்டில் பாக்கியம் இருக்கிறார் என்று தெரிந்து, அடுத்த வருடம் ஒரு மத்தியானம் பண்டமாரானுக்குப் போனேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததும், "வாங்க சார், உக்காருங்க" என்றார். கோபம் இல்லை. அது எனக்குச் சிரமமாக இருந்தது.

டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நகமில்லாத மூன்று விரல்களும் கிளாஸைச் சுற்றி இருந்தன.

பஸ்ஸில் தயார் செய்து வந்ததைச் சொன்னேன். "அந்தப் புத்தகத்துல இன்னொரு பக்கம் இருந்துச்சு. போத்தலை மோந்து பாக்கணும், கழுவாததைப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைக்கணும்னு எல்லாம் எழுதியிருந்துச்சு. நான்தான் அதை எடுத்துட்டேன். என் பாட்டுக்கு இடம் வேணும்னு."

அவர் யோசித்துப் பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே சார்."

நான் டீ கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"புஸ்தகத்த சாமி படத்துக்குப் பின்னால வச்சிட்டேன். இருந்தாலும் எனக்குத் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க குடிச்சிக் காட்டுனீங்கல்ல, அதத்தான் பாத்தேன். நானும் அதத்தான் பாத்தேன், அதுவும் அதத்தான் பாத்துச்சி."

வீட்டுக்குள் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். ஒரு வருடமாக ஒரு பக்கத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவன் நான். என் குற்றம் அது இல்லை என்று ஆகிவிட்டது. எது என்று பாக்கியம் காட்டிவிட்டார்.

"ஆறிடும் சார், குடிங்க."

குடித்தேன். சத்தம் வராமல் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்வதுதான் மரியாதை. அவர் காத்திருக்கிறாரோ என்று பார்த்தேன். அவர் துணி காயப்போடப் போய்விட்டார்.

பதினோரு போத்தல்

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பதினோரு போத்தல்களும் என் மூக்கைத் தாண்டித் தேறின. மகள் பேசினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊற்ற ஆரம்பித்தாள். தரையெல்லாம் தண்ணீர். யாரும் சொல்லித்தராமலே ஒரு கிளாஸை நிரப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அப்பா, டீ."

சகுந்தலா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கினேன். குழாய்த் தண்ணீர்தான், என் கண்ணெதிரே பிடித்ததுதான். உதட்டில் வைக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

மகள் கிளாஸுக்குள் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்பாக்குப் பிடிக்கல," என்றாள் அம்மாவிடம்.

"சீனி பத்தலையோ என்னமோ," என்று சகுந்தலா சிரித்தாள்.

மகள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் கவனமாக, மறுபடியும் ஊற்ற ஆரம்பித்தாள்.